மூக்கில்லாத அகராதி

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. அகராதியில் எந்த எழுத்தைப் பார்த்துக்கொள்கிறாரோ, அந்த எழுத்தே அவர்மேல் ஒட்டிக்கொள்ளும். பகரம், மகரம், வகரம் என்று ஆட்கள் நடமாடுவார்கள். தகரத்தைப் பார்த்துக்கொண்டவர் மட்டும் ஒரே வருடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வேறு எழுத்துக்கு மாறிக்கொண்டாராம். புதிதாகச் சேர்ந்த அவளுக்கு எழுத்து எதுவும் கிடையாது. இழுப்பறைகளில் இருக்கும் சொற்சீட்டுகளைத் துடைத்து அடுக்குவதுதான் வேலை. ஆகவே அவள் பெயர் சீட்டு.

அலுவலகம் என்றால் ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டு நீளமான அறைகள். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சீட்டுகள், ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. அவற்றை வரிசையாக அச்சுக்கோத்தால் அகராதி.

சேர்ந்த முதல் வாரமே பதிப்பாசிரியர் அவளை மகர இழுப்பறைகளுக்கு முன்னால் நிறுத்தினார். அவர் நின்று பேசுகிற ஆள் இல்லை, நடந்துகொண்டே பேசுவார். கிழிந்ததை ஒட்டு, மடங்கியதை நிமிர்த்து, வெற்றுச் சீட்டெல்லாம் இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அவள் சொன்னபடி செய்தாள். சொன்னதற்குக் கூடுதலாகவும் செய்தாள், அது அவள் சுபாவம். பதினோரு இழுப்பறைகளிலும் கடைசியில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டு இருந்தது. அவற்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். நடுநடுவேயும் ஒன்றிரண்டு வெற்றுச் சீட்டுகள் தலைகாட்டின. மேல் மூலையில் பென்சிலால் மங்கலாக ஓர் எண், மற்றபடி வெறுமை. யாரோ எப்போதோ செருகி மறந்தவை என்று நினைத்து, அவற்றையும் உருவினாள். உருவியவை கொஞ்சம் பழுப்பேறிய சீட்டுகளாதலால் கேட்பதில் கூச்சம் இருக்கவில்லை. மாலை வகுப்புக்குக் குறிப்பெழுத எடுத்துக்கொள்ளட்டுமா என்று பதிப்பாசிரியரிடம் கேட்டாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணப்போகிறேன், எடுத்துக்கொண்டு போ என்றார் அவர், இந்த முறையும் நடந்துகொண்டே.

அன்றைக்கு நாட்குறிப்பில் இப்படி எழுதினாள்: "மகரம், 11 இழுப்பறை. கிழிசல் 38. மடிப்பு 112. நடுவே கிடந்த வெற்றுச் சீட்டு 64, எல்லாம் எடுத்தாயிற்று. சரியாகச் செய்தேனா தெரியவில்லை." கடைசி வாக்கியத்தை அவள் எல்லா நாளும் எழுதுவாள். அதனால் அதற்கு அன்றைக்கென்று தனி அர்த்தம் எதுவும் இல்லை.

மாலை வகுப்பு வாரத்தில் மூன்று நாள். நூலக உதவியாளர் சான்றிதழுக்கு எட்டு மாதம். பகலில் துவக்கப்பள்ளியாக இருக்கும் கட்டடம் அது. குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார வேண்டும். பாடம் எடுத்தவளுக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எதையும் செய்து காட்டித்தான் சொல்லுவாள். முதல் பாகம் முழுக்க நோக்கு நூல்கள். அகராதி என்றால் என்ன, கலைக்களஞ்சியம் என்றால் என்ன, ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றதிடம் கேட்டால் ஏன் அது முழிக்கும் என்று தொடங்கி, வரிசையாகக் கலைச்சொற்கள் வந்து விழுந்தன. தலைச்சொல். பக்கத்தின் உச்சியில் நின்று வழி சொல்லும் வழிகாட்டுச் சொல். 'காண்க' என்று வேறிடத்துக்கு விரட்டும் குறுக்குச் சுட்டு. ஆண்டுநூல், சொல்லடைவு, அருஞ்சொற்பொருள், துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு.

பகலெல்லாம் அகராதிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இவற்றில் பாதி தெரியாது என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் யாரும் எதற்கும் பெயர் சொல்லமாட்டார்கள். "அதை எடு, அங்க வை, இதுக்கு அது இருக்கா பாரு" என்பதோடு சரி. இருபது வருடமாகக் கூடவே இருக்கிற சாமான்களுக்கு யார் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்தச் சீட்டுகளில் ஒன்றை எடுப்பாள். மூலையில் இருக்கும் எண்ணை ரப்பரால் சுத்தமாக அழிப்பாள். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். வீட்டில் அக்கா சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சீட்டைத் தூக்கிப் பிடித்துக் கேள்வி கேட்பாள். சீருடை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்கப் பித்தான் தைத்துவிட்டு, வீட்டுக்கும் பித்தானையே எடுத்துவருகிறவள் அக்கா.

"நிகண்டுன்னா என்னடி?"

"ஒரு பொருளுக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையும் தொகுத்துச் சொல்றது."

"எங்க சூப்பர்வைசருக்கு ஒண்ணு போடணும். நாங்க வெச்சதே முப்பது தேறும்." பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல ஏதோ இருந்தது போல இருக்கே, அழிச்சிருக்கே?" என்பாள்.

பழைய எண் என்பாள் அவள்.

"உனக்கு எதையாவது அழிச்சாத்தான் சுத்தம் பண்ணின மாதிரி" என்று அக்கா அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்படி ஐம்பத்திரண்டு சொற்கள் அவளுக்கு மனப்பாடமாயின.

நாலாவது மாதம், மகரத் தொகுதியின் பக்கங்கள் அச்சாகித் திருத்தத்துக்கு வந்தன. முதலில் கண்டுபிடித்தவர் வகரம். மதியம் டீக்கு எல்லோரும் கூடியபோது பொறுக்காமல் விஷயத்தை உடைத்தார். மூக்கைத் தேடினாராம், காணோமாம். மூக்கணாங்கயிறு இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, மாட்டுவதற்கு மூக்கைத்தான் காணோமாம். சிரித்துவிட்டுப் புரட்டிப் பார்த்தார்கள். முதுகு இல்லை. முழங்கால் இல்லை. மீன்கொத்தி இல்லை, மேசை இல்லை, மண்வெட்டி இல்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

மகரம் சாருக்கு ஐம்பத்தோரு வயது. பத்தொன்பது வருடமாக அதே எழுத்து, அதே நாற்காலி. சட்டைப் பையில் எப்போதும் சீவின இரண்டு பென்சில். பெட்டி பெட்டியாகச் சொற்களைப் பிரித்து வைத்து வேலை செய்வது அவர் வழக்கம். உடம்பு உறுப்புச் சொற்களை மருத்துவரிடம் காட்ட ஒரு பெட்டி, பறவைகளுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று என்று அவர் மேசைக்குப் பின்னால் முப்பத்தொரு பெட்டிகள் இருந்தன. காணாமல் போன சொற்கள் அத்தனையும் அந்தப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன. இழுப்பறையிலிருந்து அவர்தான் எடுத்திருக்கிறார். எடுத்ததற்கு அங்கே ஒரு தடயமும் வைக்கவில்லை. அதனால் அச்சுக்குக் கொடுத்தபோது அப்படியொரு சொல் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவுதான் அவள் காதுக்கு எட்டியது. மீதி எல்லாம் பதிப்பாசிரியரின் கண்ணாடித் தடுப்புக்குள் நடந்தது. தடயம் என்றால் ஏதோ பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

எத்தனை சொற்கள் விட்டுப்போயின என்று கணக்கெடுக்க மகரம் சாருக்குத் துணையாக அவளைப் போட்டார்கள். ஒன்பது நாள். அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசிப்பார். அவள் அச்சான பக்கத்தில் தேடி, இருந்தால் 'உண்டு' என்பாள், இல்லாவிட்டால் தாளில் ஒரு கோடு போடுவாள். எழுபத்தொரு கோடு. அவர் ஒரு முறை எண்ணினார், அவள் இரண்டு முறை எண்ணினாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, 'மணிக்கட்டு' சீட்டை வாசித்த பிறகும் அவர் அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. அடுத்தது சார் என்று அவள் நினைவூட்டினாள்.

"நான் செஞ்சதா நினைக்கிறது எதுவும் அங்க இல்லைம்மா. நல்லா நினைவிருக்கு, கை நீட்டி வெச்சது வரைக்கும். போய்ப் பார்த்தா இல்லை." சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு ஐம்பத்து மூணு வயசுல ஆரம்பிச்சது. அடுப்பை அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவாங்க. எரிஞ்சுக்கிட்டு இருக்கும்" என்றார்.

எதைச் செய்ததாக நினைக்கிறீர்கள் சார் என்று அவள் கேட்டிருக்கலாம். நொந்துபோன மனிதரைக் குடைந்து கேட்பது அழகில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்காகப் பிறகு அவள் நாட்குறிப்பில் இரண்டு பக்கம் எழுதினாள்.

வகரத்துக்கு வாய் சும்மா இருக்காது. உறுப்புப் பெட்டியில் மூளையும் இருந்திருக்கிறது. "மூளைச் சீட்டையும் காணோமாம்" என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவருக்கு எல்லாமே வேடிக்கை. ஆனால் சொன்னபோது மகரம் சார் அவருக்குப் பின்னால்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். கை கழுவி முடித்து, குழாயை மூடி, இரண்டடி நடந்து, திரும்பிப் போய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி நடந்தார், மறுபடி போய்ப் பார்த்தார்.

அந்தப் புதன்கிழமை வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாபகத்தை நம்பிச் செய்கிற வேலைக்கு ஞாபகம் இல்லாத ஆள் கூடாது என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தாராம். நாற்காலியில் போட்டிருந்த துண்டைக்கூட மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மாலை வகுப்பில் புதுப் பாடம், சீட்டுப் பெட்டிகளைப் பராமரிப்பது. இது நம்ம வேலையாயிற்றே என்று அவள் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவினாள். உருவின இடத்தில் ஒரு வெற்றுச் சீட்டைச் செருகினாள்.

"இதுக்கு இடக்காப்புச் சீட்டுன்னு பேரு. எடுத்தது எங்க போயிருக்குன்னு மூலையில பென்சிலால ஒரு நம்பர் போடுவாங்க. பேனால போட மாட்டாங்க, திரும்பி வந்ததும் அழிக்கணுமே. பார்க்க வெத்துச் சீட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா பெட்டியில இதைவிட முக்கியமான சீட்டு கிடையாது. இதை எடுத்துட்டா அந்தச் சொல் இருந்ததுக்கே சாட்சி இல்லை."

அவள் எழுதுவதற்காக ஏற்கனவே ஒரு சீட்டை எடுத்து முன்னால் வைத்திருந்தாள். இடது கையில் ரப்பர் தயாராக இருந்தது. சீட்டின் மூலையில் 9 என்று இருந்தது. கீழே சின்னக் கொக்கி போட்ட ஒன்பது. உறுப்புப் பெட்டியின் எண் ஒன்பது. அந்த ஒன்பது நாளில் நூறு தடவை அவளே அந்தப் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ரப்பரைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள், இல்லையென்றா ஆமென்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைய சொல்லை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதிப்பாசிரியர் வருவதற்கு முன்பே கண்ணாடித் தடுப்புக்கு வெளியே போய் நின்றாள். ஒரு கையில் சீட்டுகள், ஒரு கையில் நாட்குறிப்பு. அவர் முதல் முறையாக உட்கார்ந்து கேட்டார். எழுதாமல் மிச்சமிருந்த பன்னிரண்டு சீட்டுகளின் எண்களையும் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வெற்றுச் சீட்டு என்றால் கடைசியில் இருக்கும் கட்டைத்தான் சொன்னேன், இதுகூடவா தெரியாது என்று கடிந்துகொண்டார். தெரியாது என்றாள் அவள். உன்னிடம் யாரும் சொல்லவில்லையா என்றார். கேட்டுவிட்டு அவரே குரலை இறக்கினார்.

தொகுதி எப்படியும் நிற்காது, விட்டுப்போன சொற்களைப் பின்னிணைப்பாகக் கடைசியில் சேர்க்க ஏற்பாடாகிவிட்டது என்றார். மூக்கும் முதுகும் கடைசிப் பக்கத்தில் போய் நிற்கும், அவ்வளவுதான். ஆளைத்தான் அப்படி ஒட்டவைக்க முடியவில்லை. போகாதே என்று தான் இரண்டு தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றார்.

"கடிதம் இன்னும் என் மேசையிலதான் இருக்கு. திங்கட்கிழமை மேல அனுப்பணும். அதுக்குள்ள அவரே வந்து எடுத்துக்கிட்டா எனக்கும் நிம்மதி. நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா இரக்கப்பட்டுச் சொல்றேன்னு நினைப்பார்."

ஆக, திங்கட்கிழமைக்குள் அந்த மனிதரைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுக் கேட்டாள், ஒரு கேலியும் செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. என்ன பேச வேண்டும் என்று நாட்குறிப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாள். முதலில் மன்னிப்பு. பிறகு சீட்டுகளைக் காட்டுவது. நம்பாவிட்டால் நாட்குறிப்பு. தேதியோடு எழுதியது ஆயிற்றே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அடுக்குமாடியில் மூன்றாவது தளம். கதவைத் திறந்தது அவர் மனைவி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவர், வெள்ளை மேலங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. உள்ளே நுழைந்ததுமே அவள் கண்ணில் பட்டது சுவரிலிருந்த ஆணி. ஆணியில் குடைக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு: "குடை, பால்கனி." அலமாரியில் ஒரு புத்தகம் இருந்த சந்தில் ஒரு சீட்டு. தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் ஒரு சீட்டு: "கண்ணாடி, சட்டைப் பை."

"வீட்டையே இழுப்பறை ஆக்கிட்டார்" என்று அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பத்து நாளாக இப்படித்தான் என்று தணிந்த குரலில் சொன்னார். நான் எதையாவது நகர்த்திவிட்டால் தான்தான் நகர்த்திவிட்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார், நான்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் நம்புவதில்லை என்றார். பிறகு தேநீர் போட உள்ளே போனார்.

மகரம் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல், வேலைக்குக் கிளம்பினவர் போலத்தான் இருந்தார். பையில் பென்சில் மட்டும் இல்லை. அவள் எழுதி வைத்திருந்த வரிசை எல்லாம் மறந்துபோயிற்று. நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முதல் வாரம், வெற்றுச் சீட்டு, வகுப்பு, ரப்பர், அந்த ஒன்பது என்று முன்னுக்குப் பின்னாகக் கொட்டினாள். அவர் கையை நீட்டினார். அவள் சீட்டுக் கட்டைக் கொடுத்தாள்.

எண்கள் இருந்த பன்னிரண்டையும் முதலில் பார்த்தார். ஒன்பதைக் கட்டைவிரலால் தடவினார். மற்றவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அழித்த இடத்திலும் பென்சில் அழுந்திய தடம் லேசாக இருந்தது. பதினாலு என்றார். மூன்று என்றார். இது பறவை என்றார்.

"நான்தான். என் கைதான். வெச்சிருக்கேன்."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "வெச்சிருக்கேன், பாரு, வெச்சிருக்கேன்" என்றார். அந்த அம்மாள் கையில் டம்ளரோடு வந்து நின்று, அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. திட்டுங்கள் சார் என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. தெரியாமல் செய்ததுதானே, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதது எங்கள் தப்பு என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் பதிப்பாசிரியர் வருவார் என்றுகூடக் கேட்டார்.

அதோடு அவள் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் முறையாகச் செய்கிற பழக்கம் அவளை விடவில்லை. நம்பாவிட்டால் காட்டலாம் என்று கொண்டுபோனதை, நம்பின பிறகும் காட்டினாள். தேதியோடு எழுதியிருக்கிறேன் சார் என்று நாட்குறிப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். கிழிசல் முப்பத்தெட்டு என்பதைப் பார்த்துப் புன்னகை செய்தார். அடுத்த வரியில் அவர் விரல் நின்றது.

"அறுபத்து நாலா?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"விட்டுப்போனது எழுபத்தொண்ணு. நீதானே கோடு போட்டே. மீதி ஏழுக்கு நான் வெக்கவே இல்லை."

தப்பாக எண்ணியிருப்பேன் சார் என்றாள். அவர் சீட்டுகளை மேசையில் வைத்து, எண்ணச் சொல்லி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எண்ணினாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, எங்காவது இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று நகத்தால் பிரித்துப் பிரித்து எண்ணினாள். அறுபத்து நான்கு. சொல் எழுதினது ஐம்பத்திரண்டு, எழுதாதது பன்னிரண்டு. அவளுடைய வாழ்க்கையில் எந்தக் கணக்கும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

"ஏழு சீட்டு கிழிஞ்சுபோச்சு சார். தூக்கிப் போட்டுட்டேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் அது. அவர் நாட்குறிப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"தூக்கிப் போட்டிருந்தா நீ எழுதியிருப்பே."

"பத்தொன்பது வருஷத்துல ஏழு விட்டுப்போறது பெரிசா சார்? யாருக்கும் போகும்."

"மத்தவங்களுக்குப் போகும். எனக்குப் போனதில்லை." நாட்குறிப்பை மூடி, ஓரம் பார்த்து நேராக வைத்தார். "எங்கம்மாவும் அறுபத்து நாலு தடவை அடுப்பை அணைச்சுத்தான் இருப்பாங்க. அதை யாரும் எண்ணலை."

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எடுத்த பொருளையெல்லாம்கூட நீங்கள் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லையா, அந்த மாதிரி இதுவும் வேறு யாரோ எடுத்ததாக இருக்கலாம் என்றார். அவர் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. நம்பினதாகவும் தெரியவில்லை. தேநீர் ஆறியது. அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு ஆறுதல் சொல்வது போலவே ஒலித்தது. ஆறுதல் என்று தெரிந்த பிறகு அதில் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை வருவீர்களா சார் என்று கடைசியாகக் கேட்டாள்.

"கடிதம் போகட்டும்மா. இன்னைக்கு ஏழு. அடுத்த தொகுதில எத்தனைன்னு எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாதுங்கிறதுதான் கஷ்டம்."

சீட்டுகளைச் சேர்த்துத் தட்டி, ரப்பர் வளையம் மாட்டி, அவள் கையில் கொடுத்தார். அலுவலகத்துக்கு இனி இது பயன்படாது, உனக்குப் பரீட்சை இருக்கிறதே, படி என்றார். வாசல்வரை வந்தார். ஆணியில் இருந்த சீட்டைப் படித்து, பால்கனிக்குப் போய்க் குடையை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். மழை வரும் போல இருக்கிறது என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் சட்டைப் பையைத் தடவினார். பென்சில் இல்லை. உள்ளே போய்த் தேடி எடுத்துவந்து, அந்தச் சீட்டில் 'பால்கனி'யை அடித்துவிட்டு 'சீட்டு' என்று அவள் பெயரை எழுதி மறுபடி ஆணியில் மாட்டினார். எழுதினதை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. குடையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். மடியில் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எண்ணினாள். தலைச்சொல், வழிகாட்டுச் சொல், குறுக்குச் சுட்டு, ஆண்டுநூல், பின்னிணைப்பு. எழுதாத பன்னிரண்டையும் எண்ணினாள். நினைவு தெரிந்த நாளாய் எதைச் செய்தாலும் தப்பாகப் போயிருக்குமோ என்று பயந்தவள், இந்த ஒன்றாவது தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே எண்ணினாள்.

அறுபத்து நான்கு.

அவளுடைய பேருந்து வந்து நின்றது, போயிற்று. தூறல் விழ ஆரம்பித்தது. குடையை விரித்துச் சீட்டுகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.